இரண்டு கழுத்துக்கு ஒரே தேதி

1

கழுத்தைத் திருப்பாமலே பேருந்து ஓட்டிவிடலாம் என்று ஏழு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். பக்கத்துக்கு ஒரு கண்ணாடி இருக்கிறது. போதாவிட்டால் இடுப்போடு சேர்த்து உடம்பைத் திருப்பிக்கொள்ளலாம். கார்த்திகை மாதம் ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை எட்டு இருபதுக்கு அந்த நம்பிக்கை போயிற்று. இந்த ஆக்லாந்து நகரத்துக்கு வந்து எனக்குப் பத்தொன்பது ஆண்டு நிறைந்ததும் அதே வாரம்தான்.

நிறுத்தத்திலிருந்து வண்டியை வலப்பக்கம் எடுத்தேன். கண்ணாடியில் சாலை காலியாக இருந்தது. கண்ணாடிக்கு எட்டாத இடத்தில் சைக்கிளில் ஒருவன் வந்துகொண்டிருந்தான். யாரோ அலறியதைக் கேட்டுத்தான் பிரேக்கை மிதித்தேன். சைக்கிள் சக்கரத்துக்கடியில் போயிற்று. அவன் எகிறித் தார்ச்சாலையில் விழுந்து, உருண்டு, எழுந்தான். தலைக்கவசத்தைக் கழற்றினான். அதாலேயே பக்கக் கண்ணாடியை அடித்து நொறுக்கினான். பிறகு என் ஜன்னலில் அடித்தான். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது அடியில் ஜன்னலில் விரிசல் விழுந்தது. முழங்கையிலிருந்து ரத்தம் சொட்ட, "உனக்குக் கண் இல்லையா?" என்று ஆங்கிலத்தில் கத்தினான்.

"கண் இருக்குப்பா, கழுத்துதான் திரும்பல" என்று உள்ளேயிருந்து சொன்னேன். தமிழில் சொல்லியிருக்கிறேன் என்று பின்னால் உட்கார்ந்திருந்த பயணிகளின் முகத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

2

பேருந்து நிறுவனத்தின் மருத்துவர் என்னைப் படம் எடுக்க அனுப்பினார். கழுத்தெலும்பில் ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவே இருக்கவேண்டிய மெத்தை தேய்ந்து, எலும்பும் எலும்பும் உரசிக்கொண்டிருந்தன. ஓரங்களில் முள் வளர்ந்திருந்தது. "வயது" என்றார். எனக்கு ஐம்பத்தெட்டு. நான்கு மாதத்துக்குள் தோளுக்குப் பின்னால் பார்க்க முடிந்தால் மறுபடி வண்டி, இல்லையென்றால் இல்லை. வலிக்கு அக்குபங்சர் ஊசி போட்டுப் பார்க்கச் சொன்னார்.

இந்த நாட்டில் விபத்தில் அடிபட்டவர்களுக்கு அக்குபங்சர் செலவில் ஒரு பகுதியை அரசுக் காப்பீடு கொடுக்கிறது. தேய்மானத்துக்குக் கொடுப்பதில்லை. படிவத்தில் முதல் கேள்வியே தேதி. நான் பதினைந்து வயதிலிருந்து நாள் தவறாமல் நாட்குறிப்பு எழுதுகிறவன். இருபது ஆண்டுக்கு முந்தைய ஒரு தேதியை எழுதினேன். நான்கு நாள் கழித்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள்.

"என்ன நடந்தது?" என்றாள். என் தம்பி கழுத்தில் ஒன்று வைத்தான் என்பதை அப்படியே ஆங்கிலமாக்கிச் சொன்னேன். என்ன பொருளை வைத்தார் என்று கேட்டாள். அடித்தான் என்று திருத்தினேன். எந்த நாட்டில் என்று கேட்டாள். அப்போது நீங்கள் இங்கே குடியிருந்தீர்களா என்று கேட்டாள். இல்லை என்றதும், வருத்தம் தெரிவித்து முடித்துவிட்டாள். அவள்மேல் தவறில்லை. அந்த அடி அவர்கள் நாட்டு அடி இல்லை.

நான் பேசியதைச் சமையலறை வாசலில் நின்று மகள் யாமினி கேட்டிருக்கிறாள். மூன்று வயதில் இங்கே வந்தவள். இப்போது இருபத்திரண்டு.

"உங்களுக்கு ஒரு தம்பி இருக்காரா?" என்றாள். எங்களுக்குள் முக்கியமான விஷயம் என்றால் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவாள். அன்றைக்குத் தமிழிலேயே கேட்டாள். நான் தட்டை எடுத்துப் போட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். சூரியன் மறைவதற்குள் சாப்பிட்டு முடிப்பது எங்கள் ஜைனக் குடும்ப வழக்கம். அதை நான் இங்கே பணிமனை மேசையிலும் விட்டதில்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் என்றைக்கோ விட்டுவிட்டார்கள். மகன் ராத்திரி பத்து மணிக்குக் கோழி தின்கிறான். நான் கண்டிப்பதில்லை. சாப்பாட்டை ஒழுங்காக வைத்துக்கொண்டு ஒரு மனிதனை உறவிலிருந்தே வெட்டி எறிந்தவன் யாரைக் கண்டிப்பது?

மாசி மாதம் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டேன். ஊசி என்றால் அங்கேயே போட்டுக்கொள்ளலாம் என்று மனைவியிடம் சொன்னேன்.

3

திருவண்ணாமலையில் செங்கம் சாலைப் பக்கம் ஒரு தையற்கடைக்கு மேலே மாடியில் இருந்தது அந்த அக்குபங்சர் நிலையம். வெள்ளைப் பருத்தி உடுத்திய வெளிநாட்டுக்காரர்கள் படியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் நியூசிலாந்திலிருந்து வந்து அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

சீட்டு கொடுக்கும் பெண்ணிடம், "தயவுசெய்து இன்றைக்கு எனக்கு ஒரு நேரம் ஒதுக்கித் தர இயலுமா?" என்றேன்.

"இன்னா சார், நியூஸ் வாசிக்கிற மாதிரி கேக்கறீங்க? உக்காருங்க, கூப்பிடறேன்" என்றாள்.

டாக்டர் மல்லிகாவுக்கு ஐம்பது வயது இருக்கும். அக்குபங்சர் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். கழுத்து வலிக்குப் பலன் உண்டு என்கிறவர்கள் இருக்கிறார்கள். பொய்யாக ஊசியை வைத்து எடுத்தாலும் அதே அளவு பலன் என்கிறவர்களும் இருக்கிறார்கள். இதைச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"தேஞ்ச எலும்பு ஊசியால வளராது சார். வலி கம்மியாவும். தசை இளகும். இளகினா கொஞ்சம் திரும்பும். அவ்ளோதான் என்னால சொல்ல முடியும். எப்பலருந்து வலி?"

எல்லோரிடமும் அவர் கேட்கும் முதல் கேள்வி இது. பதிலைத் தன் நோட்டில் அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்வார்.

"இருபது வருஷம் ஆகப்போவுது. பங்குனி உத்திரத்துக்கு மறுநாள், சனிக்கிழமை. காலைல ஆறு நாப்பது. மண்வெட்டிக் காம்பால அடி."

அவர் பேனா நின்றது.

"எந்த ஊரு?"

"கீழ்பென்னாத்தூர் பக்கம்."

நோட்டைப் பின்னால் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"உங்களுக்குத் தம்பி இருக்காரா?"

"இருந்தான்."

"இருந்தாரா, இருக்காரா? ஜினகுமார்னு பேரு. இடது கால இழுத்து நடப்பாரு. அவருக்கும் கழுத்துதான். அவரும் பங்குனி உத்திரத்துக்கு மறுநாளுன்னுதான் சொன்னாரு."

அவனுக்கு எதற்கு அந்த நாள்? அது என் நாள்.

"ஒரு நோயாளி சமாச்சாரத்த இன்னொருத்தர்கிட்ட சொல்லக் கூடாது. ஆனா சொல்றேன்" என்றார் டாக்டர். "அவருக்கு ஊசி போதாது. உள்ள தண்டுவடம் நசுங்கினு இருக்கு. ஆறு மாசமா ஆபரேஷன் பண்ணிக்கங்கன்னு சொல்றேன். கை போயினு இருக்கு. அடுத்து கால் மொத்தமா போயிடும், படுக்கைதான். கத்தி வெக்க உடமாட்டேன்னு ஊசிக்கு மட்டும் வந்துனு இருக்காரு. நீங்க அண்ணன். சொல்லுங்க."

"அவன் அடிச்சவன் டாக்டர். நான் வாங்கினவன். நான் எதுக்குச் சொல்லணும்?"

"சரி. அப்ப உங்க ஊசிய மட்டும் போட்டுனு போங்க" என்று சீட்டில் எழுதினார். செவ்வாய், வியாழன், பகல் பதினொன்று.

4

அந்த நாளின் குறிப்பை நாட்குறிப்பில் உள்ளபடியே தருகிறேன்.

"காலை 6.30. கடலைக் கொல்லைக்குப் போனேன். பெண் பன்றி ஒன்று கம்பியில் செத்துக்கிடந்தது. 6.40. தம்பி மண்வெட்டிக் காம்பால் என் பின்கழுத்தில் அடித்தான். ரத்தம் இல்லை. தலை தூக்க முடியவில்லை."

விளக்கம் வேண்டும். எங்கள் வீட்டில் தண்ணீரைக்கூடத் துணியில் வடிகட்டித்தான் குடிப்போம், அதிலுள்ள உயிர் சாகக் கூடாது என்று. அந்தப் பருவத்தில் கடலை பிடுங்க ஒரு வாரம் இருக்கும்போது காட்டுப் பன்றிகள் இறங்கின. விடிந்து பார்த்தால் பாத்தி பாத்தியாக உழுது போட்டிருக்கும். நிலத்தைப் பார்த்துக்கொண்டவன் தம்பி. நான் கீழ்பென்னாத்தூரில் வேலை, வாய் மட்டும் கொல்லையில். அவன் யாரிடமும் சொல்லாமல் மூங்கில் முளைகளை நட்டு, மோட்டார் கொட்டகையிலிருந்து கொக்கி போட்டு, கொல்லையைச் சுற்றி மின்கம்பி இழுத்துவிட்டான்.

பன்றியின் வாய் கம்பியைக் கவ்வியபடி கருகியிருந்தது. மின்சாரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்ததால் பின்கால் ஒன்று விட்டுவிட்டுத் தரையை உதைத்தது. செத்த உடம்பு உதைத்தது. கோடு போட்ட குட்டிகள் நான்கைந்து மடியருகே போவதும், அதிர்ந்து வீறிட்டுப் பின்னால் விழுவதும், மறுபடி போவதுமாக இருந்தன. மயிர் கருகிய நாற்றம் இப்போதும் எனக்கு வரும். பணிமனையில் பிரேக் கட்டை தேயும்போது வரும்.

இவ்வளவும் எனக்கு நினைவிருந்தது. 6.30-க்கும் 6.40-க்கும் நடுவில் பத்து நிமிடம் காலியாக இருப்பதை இருபது ஆண்டில் ஒருநாளும் நான் கவனிக்கவில்லை.

5

செவ்வாய்க்கிழமை என்னைக் குப்புறப் படுக்கவைத்தார்கள். முகத்துக்கு மட்டும் கட்டிலில் ஒரு வட்ட ஓட்டை. அதன் வழியாகத் தரை தெரியும். பின்மண்டை எலும்புக்குக் கீழே இரண்டு பக்கமும் ஊசி இறங்கியது. அப்புறம் தோள்மேட்டில், புறங்கையில். ஊசி முடி கனம்தான். டாக்டர் அதைத் திருகும்போது உள்ளே கட்டைவிரலால் அழுத்துவதுபோல ஒரு கனத்த வலி எழுந்து தோள்வரை இறங்கும். "இருபத்தஞ்சு நிமிஷம். அசையாதீங்க" என்று கடிகாரத்தில் மணி வைத்தார்.

பக்கத்துக் கட்டிலுக்கு ஆள் வந்தது. ஓட்டை வழியாகக் கால்களைப் பார்த்தேன். இடது கால் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது. வலது காலில் இரண்டாம் விரல் பாதிதான் இருந்தது. பன்னிரண்டு வயதில் வாய்க்கால் வெட்டும்போது மண்வெட்டி பட்டுப் போன விரல். மூட்டை தூக்குவதுபோல அவனைத் தூக்கிக் கட்டிலில் ஏற்றியபோது குலுங்கிய வளையல் அவன் மனைவி பத்மாவுடையது.

டாக்டர் அவன் கழுத்தில் ஊசி போட்டு, அவற்றில் சின்னக் கிளிப்புகளை மாட்டும் சத்தம் கேட்டது. ஊசி வழியாக லேசாக மின்சாரம் விடும் பெட்டி.

"இன்னாம்மா, பன்னிக்குப் போட்ட கம்பிய இன்னிக்கும் எனக்கே மாட்றீங்க" என்றான் அவன்.

"வாரா வாரம் இத ஒரு ஜோக்குன்னு சொல்றீங்க, எனக்குத்தான் புரியல" என்றபடி டாக்டர் அடுத்த அறைக்குப் போனார்.

எனக்குப் புரிந்தது. கழுத்துத் தசை இறுகி ஊசியைக் கவ்வியது.

"கொன்னவனுக்கு ஜோக்கு வேற" என்றேன் தரையைப் பார்த்து.

"யாரு அது?" என்றான். பிறகு அவனே, "வாங்க நியூசிலாந்து. எப்ப வந்தீங்க? செத்துட்டேனான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தீங்களா?"

"உன்ன பாக்க வரல. நீ குடுத்த அடிக்கு வைத்தியம் பாக்க வந்தேன்."

"நான் குடுத்த அடி." மெத்தையில் முகத்தை அழுத்திக்கொண்டு சிரித்தான். "நான் குடுத்தது ஒன்னு. நீ குடுத்தது எத்தன?"

"நான் எங்கடா குடுத்தேன்?"

"பத்மா, கேட்டியா? எங்க குடுத்தாராம். முளைய புடுங்கி, குனிஞ்சவன் பின்கழுத்துல மூணு போடு போட்டியே. மூணு. நான் எண்ணினேன். மூணாவதுல வாய் மண்ணுல பூந்துச்சு. அப்புறம்தான் கைக்குக் கெடச்ச காம்ப எடுத்தேன்."

"கம்பிய மறுபடி மாட்டக் குனிஞ்ச. குட்டிங்களையும் கொல்ல."

"கழட்டக் குனிஞ்சேன்" என்றான். அதற்குமேல் கத்தவில்லை. "அந்தக் குட்டிங்க கத்தனது எனக்கும்தான் கேட்டுச்சு. கொக்கிய கழட்டக் குனிஞ்சேன். அதுக்குள்ள நீ கொல்லாமைய காப்பாத்திட்ட."

ஓட்டை வழியாகத் தெரிந்த தரையில் நான்கு சதுரக் கல் இருந்தது. அதையே பார்த்தேன். மூங்கில் முளை ஈரமண்ணிலிருந்து உருவிக்கொண்டு வந்த வாகு கைக்கு வந்தது. அதன் நுனியில் ஒட்டியிருந்த மண் வந்தது. எலும்பில் பட்ட சத்தம் வந்தது. பன்றிக்காக ஒரு மனிதனை, என் அம்மா பெற்றவனை, பின்னாலிருந்து அடித்தேன். அடிக்கும்போது எனக்கு நன்றாக இருந்தது. அதனால்தான் எழுதவில்லை. எழுதாததால் நடக்கவில்லை. இருபது ஆண்டு அப்படித்தான் வாழ்ந்திருக்கிறேன்.

"பக்கம் பக்கமா எழுதுவியே" என்றான் ஜினா. "இத எழுதினியா?"

"இல்ல."

6

மணி அடித்தது. டாக்டர் என் ஊசிகளை எடுத்தார். அவனுடைய கிளிப்பைக் கழற்றியவர் பஞ்சு எடுக்கத் திரும்பினார். நான் எழுந்து உட்கார்ந்தேன். அவனை இப்போதுதான் முழுதாகப் பார்த்தேன். எங்கள் அப்பா கடைசியில் இருந்தாரே, அதைவிட மெலிந்திருந்தான்.

எனக்கு மன்னிப்புக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். அங்கே பேருந்தில் ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்கிறேன். இங்கே வாயில் வந்தது வேறு.

"ஆபரேஷன் பண்ணிக்க" என்றேன்.

"இன்னா?"

"டாக்டர் சொன்னாங்க. பண்ணலன்னா கால் போயிடும். பண்ணிக்க."

"உடைச்சவனே ஒட்ட வெக்கச் சொல்றியா? என் கழுத்துல கத்தி வெக்க நீ நாள் குறிக்கிறியா?" என்று கத்தியபடி கட்டிலிலிருந்து இறங்கினான். பின்கழுத்தில் ஊசிகள் அப்படியே ஆடின. டாக்டர் "உக்காருங்க, ஊசி இருக்கு" என்றார். அவன் கேட்கவில்லை. காலை இழுத்தபடியே வந்து என் சட்டைக் காலரைப் பிடித்தான். தட்டு கவிழ்ந்து ஊசிகள் தரையில் சிதறின. வலக்கையை ஓங்கினான். நான் கழுத்தை இழுத்துக்கொள்ளவில்லை. வரட்டும் என்று இருந்தேன்.

அடி விழவில்லை. ஓங்கிய கை பாதியில் நின்றது. காலரைப் பிடித்த இடக்கை வழுக்கியது. மறுபடி பிடித்தான். விரல்கள் துணிமேல் மடங்கின, ஆனால் இறுக்கவில்லை. மூன்றாவது தடவை என் மார்பில் விரல்கள் சும்மா உரசிக்கொண்டு கீழே போயின. இரண்டு பேரும் அந்தக் கையைப் பார்த்தோம்.

"சட்ட பட்டன்கூட நான்தான் போட்டு உடறேன் மாமா" என்றாள் பத்மா சுவரோரம் நின்று. "சோறு பிசைய வரல. ஊர்ல யாருக்கும் தெரியக் கூடாதுன்னு உள்ள உக்காந்து சாப்படறாரு."

"மூடு வாய" என்றான் அவளிடம். ஆனால் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். டாக்டர் ஒவ்வொன்றாக ஊசியை எடுத்தார். ஓர் இடத்தில் ஊசி வளைந்து ரத்தம் கோடாக இறங்கியது. பஞ்சை வாங்கி நான் அழுத்தினேன். என் கைக்குக் கீழே, முடிக்கு அடியில், எலும்பு ஒரு பக்கமாகப் புடைத்திருந்தது.

"இது என் அடியா?" என்று டாக்டரைக் கேட்டேன்.

"வயசும் இருக்கு, வேலையும் இருக்கு, அடியும் இருக்கலாம். படத்துல யாரு அடிச்சதுன்னு தெரியாது" என்றார்.

"எனக்குத் தெரியும்" என்றான் ஜினா. தலை குனிந்தபடியே இருந்தான். பிறகு, "எழுது" என்றான்.

"என்னத்த?"

"மூணையும் எழுது. அப்புறம், ஆபரேஷனுக்கு எப்ப போலாம்னு டாக்டர் சொல்ற ஆஸ்பத்திரில கேளு."

7

பத்து நாள் கழித்து வெளியூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் அவனைச் சேர்த்தோம். சேர்க்கை மேசையில் இருந்தவர் படிவத்தைப் பார்த்து, "பழைய அடின்னு இருக்கே, எப்படி ஆச்சு?" என்று கேட்டார். படிவங்களின் முன்னால் உண்மை சொல்லிப் பழகியவன் நான். வாயைத் திறந்தேன்.

"கெணத்துமேட்டுல வழுக்கி உழுந்துட்டேன்" என்றான் ஜினா முந்திக்கொண்டு.

"கூட வந்திருக்கறது?"

"எங்க அண்ணன்."

அவர் எழுதிக்கொண்டார். சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போகும்போது, "அடிதடின்னா போலீசுக்கு எழுதுவாங்க. உன்ன பிளேன் ஏத்த மாட்டாங்க" என்றான். "இனிமே இருபது வருஷம் உன் மூஞ்சிய பாத்துனு என்னால இருக்க முடியாது."

ஆபரேஷன் முடிந்தது. கையில் பிடி எவ்வளவு திரும்பும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. கால் இனிமேல் கெடாமல் இருந்தால் அதுவே பெரிது என்றார்கள். நான் புறப்பட்ட அன்றைக்குத் தம்ளரை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்தான். பாதி காபி போர்வையில் கொட்டியது. எனக்கும் ஊசி எட்டு தடவை ஆயிற்று. வலி கம்மி. வலது தோளுக்குப் பின்னால் பார்க்க முடிகிறது. இடது பக்கம் இன்னும் முக்கால்தான். வியாழக்கிழமை பணிமனையில் சோதனை.

யாமினி அவனோடு கைபேசியில் முகம் பார்த்துப் பேசினாள். சித்தப்பா என்ற சொல் அவள் வாயில் கல் மாதிரி இருந்தது.

"ஏன் சித்தப்பா எங்க அப்பாவ அடிச்சீங்க?" என்று நேராகவே கேட்டாள்.

"அத உங்கப்பா எழுதுவாரு கண்ணு. படிச்சிக்க."

அவளுக்குத் தமிழ் படிக்க வராது. நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். இன்றைக்குச் சாயங்காலம், சூரியன் மறைவதற்கு முன், சாப்பாட்டு மேசையில் வாசிக்கப்போகிறேன். மருத்துவமனைத் தாளில் வழுக்கி விழுந்தது என்று இருக்கிறது. அது அப்படியே இருக்கட்டும். விட்டுப்போன பத்து நிமிடத்தை இங்கே நிரப்புகிறேன்.

பங்குனி உத்திரத்துக்கு மறுநாள், சனிக்கிழமை. காலை 6.30. கடலைக் கொல்லைக்குப் போனேன். பெண் பன்றி ஒன்று கம்பியில் செத்துக்கிடந்தது. குட்டிகள் கத்தின. தம்பி கொக்கியைக் கழற்றக் குனிந்தான். மூங்கில் முளையைப் பிடுங்கி, பின்னாலிருந்து, அவன் கழுத்தில் மூன்று முறை அடித்தேன். அதற்குப் பிறகுதான் 6.40.